அவளுக்கும் எனக்கும் ஆகாது

கொஞ்சம் அந்த ஜன்னலச் சாத்திக்கிறயா தாயி? முழுசாச் சாத்த வேண்டாம், ஒனக்கும் மூச்சு முட்டும். பாதி போதும். இன்னும் ஒரு சாண்... ஆங். நல்லாருப்ப.

கோவிச்சுக்காத. எல்லாரும் காத்துக்குத்தான் ஜன்னலோரம் ஏறி ஒக்காருறாங்க. நான் வந்து சாத்தச் சொன்னா யாருக்குப் பிடிக்கும்? போன தடவ ஒரு ஆளு, "காத்து வேண்டாம்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானம்மா"ன்னு கேட்டுட்டாரு. அவரு கேட்டதுலயும் தப்பில்ல. வீட்டுலயே இருக்க முடிஞ்சா நான் ஏன் இந்த பஸ்சுல ஏறுறேன்.

எனக்குக் கண்ணுல தண்ணி ஊறாது. அதான் வியாதி. ஊறவே ஊறாது. அழுதா வருமேன்னு கேப்ப, எல்லாரும் கேக்குறதுதான். அழுதாலும் வராது. வெங்காயம் வெட்டுனாலும் வராது. எரிச்சல் மட்டும் வரும், மொளகாப் பொடிய அள்ளித் தேச்ச மாதிரி. இத எத்தன பேருகிட்டதான் சொல்றது? கண்டக்டர்கிட்ட சொல்லணும், டீக்கடையில சொல்லணும், கோயில்ல கற்பூரம் காட்டும்போது ஒதுங்கி நின்னா அதுக்கு ஒருக்கா சொல்லணும். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு என் கண்ணு செவந்து கெடக்கறதப் பாத்துட்டு, "வீட்டுல எதும் பிரச்சனையாக்கா"ன்னு காதோரமாக் கேக்குறான். சரி, கருப்புக் கண்ணாடி போட்டுக்குவோம்னா மெட்ராஸ் கண்ணுன்னு நாலடி தள்ளி நிக்கிறாங்க. அலுத்துப் போச்சு தாயி. வியாதியக் கூடத் தாங்கிக்கிறலாம், வெவரம் சொல்லி மாளல.

நான் சின்னமனூரு. நீ தேனியில ஏறுன, அப்ப ஒனக்குக் காத்தப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல. ஆனி, ஆடியில நம்ம பக்கம் அடிக்கிற காத்து இருக்கே, கொடியில காயப்போட்ட சேலைய அடுத்த தெருவுல போயித்தான் எடுக்கணும். இப்ப கணவாய் வரும் பாரு, அங்கிட்டு கரண்ட்டு எடுக்குற காத்தாடியா நட்டு வச்சிருக்கான். வெளியூருக்காரங்க எறங்கி நின்னு போட்டோ எடுப்பாங்க. எனக்கு அது சுத்துறதப் பாத்தாலே கண்ணு கரிக்கும்.

மொத மொதல்ல வந்தப்ப மண்ணு விழுந்துருச்சுன்னுதான் நெனச்சேன். ஊதச் சொன்னேன், கழுவுனேன். போகல. மாமியா நந்தியாவட்டப் பூவ வச்சுக் கட்டுனாங்க. வெளக்கெண்ண விட்டாங்க. அதுக்கப்புறம் மருந்துக்கடையில கேட்டு ஒரு சொட்டு, அது தீந்ததும் இன்னொரு சொட்டு. விட்ட நிமிசம் குளுகுளுன்னு இருக்கும், பொறவு முன்னவிட எரியும். ரெண்டு வருசம் இப்படியே ஓடிருச்சு. வாயும் காஞ்சு போச்சு. ஒரு வாய் சோத்துக்கு ஒரு மடக்குத் தண்ணி வேணும். எங்க வீட்டுக்காரரு, "வயசானா எல்லாம் அப்படித்தான். கண்ணுதான, காலா கையா?"ன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. பாத்தா ஒண்ணுமே தெரியாது. காலு ஒடைஞ்சா கட்டுப் போடுவாங்க, நாலு பேரு வந்து ஆப்பிள் குடுத்துட்டுப் போவாங்க. இதுக்கு என்ன குடுப்பாங்க?

கடைசியா மதுர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவருல்ல. தமயந்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே கடை. மோட்டார் பம்புசெட்டுக்குச் சாமான் விக்கிற கடை. நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்படி. நான் மூத்தவ, அவ எளையவ. இப்பவே சொல்லிர்றேன், அவளுக்கும் எனக்கும் ஆகாது.

ஆஸ்பத்திரியில டாக்டரு வடிகட்டிக் காகிதம் மாதிரி ஒரு துண்ட எடுத்துக் கீழ் எமையில மாட்டிவிட்டு, கண்ண மூடிட்டு இருங்கன்னாரு. செத்த நேரம் கழிச்சு எடுத்துப் பாத்தா அந்தக் காகிதம் காஞ்சது காஞ்சபடி இருக்கு. ஓரம் கூட நனையல. "அம்மா, உங்க ஒடம்பே உங்க கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் எதிரின்னு நெனச்சு அழிச்சுக்கிட்டு இருக்கு. முழுசாக் குணமாகாது. ஆனா பாத்துக்கிறலாம். பாத்துக்கலைன்னா கருவிழி புண்ணாயிரும், பார்வை போயிரும்"னாரு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இவ எந்திரிச்சு, "எப்படிப் பாத்துக்கணும்னு எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்"னா. என்னத்துக்கு எங்கிட்டங்குற? கண்ணு யாரு கண்ணு?

அன்னைக்குப் பிடிச்சது தாயி சனி. வீட்டுக்கு வந்ததும் பெரிய போலீஸ்காரியாயிட்டா. நான் அடுப்படிக்குள்ள வந்தா ஓடுற பேன அமத்திருவா. மே மாசத்துல! கொழுந்தனாரு வேத்து விறுவிறுத்துப் போயி, "இது வீடா, செங்கச் சூளையா"ன்னு கத்துவாரு. இவ கேக்க மாட்டா. கடுகு தாளிக்கணுமா, "அக்கா, நீ வெளிய போ, நான் தாளிச்சுக்கிறேன்." மொளகா வறுக்கணுமா, "வெளிய போ." நானே வாங்கி, நானே தேச்சு வச்ச கடாயி, என்னைய வெளிய போங்குறா. அவ போன்ல மணி வச்சிருப்பா, சேவல் கூவுற மாதிரி. கூவுச்சுன்னா எங்கிருந்தாலும் ஓடியாந்து, "அண்ணாந்து பாரு". சொட்டு விடுவா. காலையில எனக்குக் கண்ணத் தொறக்க முடியாது, எமை ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்படியே தொறந்தா கருவிழித் தோலு உரிஞ்சிரும்னு டாக்டரு சொல்லிருக்காரு. அதனால இவ வெந்நித் துணியோட வந்து கட்டில் பக்கத்துல குந்திக்குவா. "தொறக்காத, தொறக்காத, நான் சொல்றப்பத் தொற." ஒவ்வொரு நாளும் எந்திரிச்சதும் நான் மொதல்ல பாக்குற மொகம் அவ மொகம். எவ்வளவு நாளைக்குத்தான் ஒரு மனுசி பொறுத்துக்குவா?

இரு, இப்ப ஒரு சொட்டு விடணும். இந்த மூடியக் கொஞ்சம் பிடி. கீழ போட்டுறாத... ஆங். ம்ம். குடு.

இது எரியாது. இதப் பத்திப் பொறவு சொல்றேன்.

எம்பொண்ணு அபிநயா கல்யாணத்தச் சொன்னாத்தான் ஒனக்கு அவ கொணம் புரியும். உத்தமபாளையத்துல மண்டபம். கல்யாணத்துக்கு முன்னாடி ஆடிக் காத்து அடிச்ச அடியில எனக்குக் கண்ணுல புண்ணு வந்து, அப்பத்தான் ஆறியும் ஆறாம இருக்கு. மணவறையில அய்யரு ஓமத்த வளத்துட்டாரு. பொண்ணப் பெத்தவ, தாரை வாத்துக் குடுக்கணும், ஒதுங்கி நிக்க முடியுமா? நின்னேன். பொகை நேரா மூஞ்சிக்கு வருது. கண்ணுக்குள்ள ஊசிய எறக்குன மாதிரி இருக்கு. தள்ளாடிட்டேன். இவ எங்கிருந்தோ பாஞ்சு வந்து எனக்கும் ஓமத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டா. கையில ஈரத் துண்டு. அதக் கண்ணுல ஒத்துறா, விசிறுறா, "அக்கா, கண்ண மூடிக்க, நான் கையப் பிடிச்சுக்கிறேன், தண்ணி ஊத்து, இந்தா இங்க ஊத்து"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. நான் கண்ண மூடிக்கிட்டே பொண்ணத் தாரை வாத்தேன்.

இப்ப நீ எங்க வீட்டுக்கு வந்து ஆல்பத்த எடுத்துப் பாரு. எந்தப் படத்த எடுத்தாலும் அவ. தாலி கட்டறப்ப அவ. மெட்டி போடறப்ப அவ. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி ஒரு பச்சத் துண்டோட அவ கையி. எம்பொண்ணு கல்யாணத்துல எம்மூஞ்சி தெரியிற ஒரு படம் கெடையாது. போட்டோக்காரன் நொந்து போயிட்டான்.

அத விடு. அதக்கூட மன்னிச்சிருப்பேன். பொண்ணு காரு ஏறுற நேரம். எல்லாரும் அழுகுறாங்க. எங்க வீட்டுக்காரரு அழுதாரு, எம் மாமியா மூக்கச் சிந்துறாங்க. எனக்கும் வருது. ஒனக்கு எப்படிச் சொல்றது... தும்மல் வரப் பாத்து வராமப் போகும்ல, அந்த மாதிரி. நெஞ்சுல இருந்து ஏறி வரும், கண்ணுகிட்ட வந்து நின்னுக்கிரும். வெளிய வர வழியில்ல. அங்கயே நின்னு எரியும். அபிநயா என் தோள்ல சாஞ்சு தேம்புறா, என் ரவிக்க நனைஞ்சு போச்சு, நான் மரமா நிக்கிறேன். மாப்பிள்ளையோட அத்தக்காரி பக்கத்துல இருந்தவகிட்ட, "பெத்த பொண்ணு போறா, ஆத்தா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணியில்ல பாரு. கல்லு"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. என் காதுல விழுந்துச்சு. விழுந்தா என்ன, கேட்டுட்டுப் போறது.

இவ சும்மா இருந்தாளா? திரும்பி, மண்டபமே கேக்குற மாதிரி, "எங்கக்காவுக்குக் கண்ணுல தண்ணி ஊறாது. அது வியாதி. அழுதா புண்ணாயிரும். தெரியாமப் பேசாதீங்க"ன்னு சத்தம் போட்டா பாரு! பந்தியில எலை எடுத்துக்கிட்டு இருந்தவங்கூட திரும்பிப் பாத்தான். நான் அத்தன நாளும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருந்தேன். பொண்ணுக்கும் வருமோன்னு கேட்டா என்ன பதில் சொல்ல? அதே மாதிரி மாப்பிள்ளையோட அம்மா மறுவாரமே கேட்டாங்க, "இது பரம்பரையா வருமாங்க?"ன்னு. 

எம்பொண்ணு இன்னைக்கும் போன்ல சொல்லுவா, "சித்தி மட்டும் சொல்லலைன்னா அவங்க ஒன்னைய இப்பவும் கல்லுன்னுதாம்மா நெனச்சிருப்பாங்க. இப்ப எங்க மாமியாரே பேன அமத்திட்டுத்தான் ஒன்னைய ஒக்காரச் சொல்றாங்கல்ல"ன்னு. அவளும் சித்தி கட்சி.

நான் தமயந்திகூடப் பேசுறத விட்டேன். ஒரே வீட்டுல, ஒரே அடுப்படியில. உப்பு டப்பா வேணும்னா நானே எக்கி எடுத்துக்குவேன். சேவல் கூவுனா நானே சொட்டு விட்டுக்குவேன். பாதி கன்னத்துல ஓடிரும், ஓடட்டும்னு விட்டேன். அவ ஒண்ணும் கேக்கல. நான் உள்ள வந்தா பேன அமத்துவா, காலையில வெந்நித் துணியக் கட்டில்கிட்ட வச்சுட்டுப் போயிருவா. என்னத்தச் சொல்ல, வைராக்கியக்காரி. மாசக்கணக்குல இப்படியே போச்சு.

கண்ணு அதுக்குள்ள ரொம்பக் கெட்டுப் போச்சு. வெளிச்சத்தப் பாக்க முடியல. எதுக்க வர்ற ஆளு நெழலாத் தெரியுறாரு. எங்க வீட்டுக்காரரு கடைய விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாரு, இவதான் கூட வந்தா. பஸ்சுல நான் முன்னாடி சீட்டு, அவ பின்னாடி சீட்டு. டாக்டரு பாத்துட்டு, "சாதாரணச் சொட்டு இனிமே போதாதும்மா. ரத்தத்துல இருந்து செய்யிற சொட்டு இருக்கு. ரத்தத்த எடுத்து, மிசின்ல சுத்தி, மேல தெளிஞ்சு நிக்கிறத எடுத்துச் செய்வோம். கண்ணீருல இருக்கற சத்து அதுல இருக்கு. வழக்கமா அவங்கவங்க ரத்தத்துலதான் செய்வோம். ஆனா ஒங்களுக்கு ரத்தம் ரொம்பக் கொறச்சலா இருக்கு, ஒங்ககிட்ட எடுக்க முடியாது. வீட்டுல வேற யாராவது குடுப்பாங்களா?"ன்னாரு.

அப்ப எனக்குக் கர்ப்பப்பை தொந்தரவு, மாசத்துல பாதி நாளு போயிக்கிட்டே இருக்கும். ஒடம்புல ரத்தமே இல்ல. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மாத்திர வேற. அபிநயா மாசமா இருக்கா. நான் யோசிக்கிறேன். பின்னாடி இருந்து இவ, "எங்கிட்ட எடுங்க டாக்டர். எனக்கும் பி பாசிட்டிவ்தான்"னு கைய நீட்டிட்டா.

நான் கேக்கல தாயி. சத்தியமா நான் கேக்கல. அவளா நீட்டுனா.

அவளுக்கு ஊசின்னா அப்படிப் பயம். பிரசவத்துல ஊசி போட வந்த நர்சு கையக் கடிச்சவ. எனக்கு வாய் நிக்கல, "ஒனக்குத்தான் ஊசின்னா ஆகாதே"ன்னுட்டேன். அத்தன மாசத்துக்கப்புறம் நான் பேசுன மொத பேச்சு அதுதான். பேசணும்னு பேசல, வெவரம் கேட்டேன். அவ, "நீ மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்க, நீ பாத்தாத்தான் எனக்குப் பயமாருக்கும்"னா. எடுத்தாங்க. அவ கண்ண இறுக்க மூடிக்கிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டா. நகம் பதிஞ்சு போச்சு.

அந்தச் சொட்டத்தான் இப்ப நீ பாத்த. மொத தடவ விட்டப்ப எரியும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எரியல. கண்ண மூடித் தொறந்தேன். எமை வழுக்கிட்டுப் போச்சு. ஒனக்கெல்லாம் அது தெரியாது தாயி, ஒரு நாளைக்கு எத்தன தடவ மூடித் தொறக்குற, ஒண்ணும் தெரியாது. எனக்கு வருசக்கணக்கா ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள வச்சுத் தேக்கிற மாதிரி. அன்னைக்கு வழுக்கிட்டுப் போச்சு. நான் ஒக்காந்து சும்மா மூடி மூடித் தொறந்துக்கிட்டே இருந்தேன். இவ பக்கத்துல நின்னு, "எப்படிருக்கு?"ன்னா. "பரவால்ல"ன்னேன். வேற என்ன சொல்ல? சொன்னா தலையில ஏறிக்குவா. அப்படியும் சொல்லிட்டா, "இனிமே என்னையத் திட்டுறதுன்னாலும் என் ரத்தத்தோடதான் பாத்துத் திட்டணும்"னு. இதான் அவ பேச்சு. குடுத்தத ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாம இருப்பாளா?

கையில இருக்கற ஒண்ணு போக மிச்சக் குப்பிய ஐஸ்ல வைக்கணும். ஒருக்கா காத்துல கம்பம் சாஞ்சு ரெண்டு நாளு கரண்ட்டு இல்ல. இவ குப்பிகளத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு, ஜெனரேட்டர் ஓடுற பேக்கரிக்கு ஓடுறா. பால் ஐஸ், சேமியா ஐஸ் நடுவுல கொண்டுபோயி வச்சிட்டா. வச்சதோட விட்டாளா? எவனாவது எடுத்துச் சப்பிருவான்னு அங்கயே ஸ்டூலப் போட்டுக் காவலுக்கு ஒக்காந்துட்டா. பேக்கரிக்காரரு இன்னைக்கும் என்னையக் கண்டா, "ரத்த ஐஸ் அக்கா, நல்லாருக்கீங்களா"ன்னுதான் கேக்குறாரு. இவளால எனக்கு வந்த பேரு.

உசிலம்பட்டியா இது? ஒரு டீ குடிக்கிறயா? நான் எறங்கல, வெளிய தூசி. நீ குடிச்சிட்டு வா... வேண்டாமா? சரி.

பொறவு அண்ணன் தம்பிக்குள்ள ஆகாமப் போச்சு. தம்பி சொட்டுநீர்க் குழாய்ச் சாமான் வாங்கிப் போடுவோம்னாரு, அண்ணன் வேண்டாம்னாரு. அதுல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிருச்சு. ஆம்பளைங்க பேச்சு. கொழுந்தனாரு குடும்பத்தக் கூட்டிக்கிட்டு ஒட்டன்சத்திரத்துக்குப் போயித் தனியாக் கடை போட்டுட்டாரு. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. ஒருத்தர் வாசல ஒருத்தர் மிதிக்கிறதில்ல. மாமியா செத்தப்பக்கூட ஆளுக்கொரு மூலையில நின்னாங்க. எங்க வீட்டுக்காரரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, "அந்த வீட்டோட பேச்சுவார்த்த கூடாது. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் குடுக்க வர்றாளா, அதோட சரி." அங்கயும் கொழுந்தனாரு அதேதான் சொல்லிருக்காரு. "வைத்தியத்துக்குன்னா போ, வேற எதுக்கும் போகாத."

எனக்கென்ன, நிம்மதின்னுதான் இருந்தேன். அடுப்படி முழுசும் எனக்கு. நானே தாளிக்கலாம். கடுகு வெடிச்சு எண்ணெ கண்ணுகிட்டத் தெறிச்சாலும் கேக்க ஆளில்ல. காலையில எமை ஒட்டிக்கிட்டா நானே தடவித் தடவிப் போயி வெந்நி வச்சுக்கிறேன். ஒரு தடவ கண்ணத் தொறக்காமயே போயி அடுப்பப் பத்த வச்சு முந்தானையில பிடிச்சிருச்சு. பெருசா ஒண்ணுமில்ல. பேனு இப்ப எந்நேரமும் ஓடுது, அவருக்குக் காத்து வேணும். நான் பின்கட்டுல ஒக்காந்துக்குவேன். அமைதியா இருக்கு. அவ்வளவு பெரிய வீட்டுல இப்ப ஒரு சத்தம் கெடையாது.

மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா மதுரையில பாத்துக்கிறோம், ரத்தத்துக்காக. ஆரப்பாளையத்துல எறங்குனா அவ எனக்கு முன்னாடி வந்து நிப்பா. பாத்ததும் சண்டைதான். "ஏன்க்கா எளச்சுப் போன?" "நீ ஏன்டி குண்டாயிட்ட?" ரத்தம் எடுத்ததும் சொட்டு தயாராக நேரமாகும், அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில ஒக்காந்து பழைய பாக்கியெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாச் சண்ட போடுவோம். ஆல்பத்தப் பத்தி நான் கேக்காம விட்டதே இல்ல. பஸ் ஏறுற வரைக்கும் ஓயாது.

இந்தப் பையா? இதுலதான் வாசம் வருதா? ஈரல் வறுவல். முருங்கக்கீரைப் பெரட்டல். கருணக்கெழங்குப் புளிக்கொழம்பு அவளுக்குப் பிடிக்கும்... பிடிக்கும்னு வைக்கல, வீட்டுல மிஞ்சிக் கெடந்துச்சு. ரத்தம் குடுக்குறவளுக்கு ஏதாவது குடுக்கணும்ல, ஊரு ஒலகத்துல இல்லாததா? ஈரலுக்குத்தான் காலையில கறிக்கடையத் தொறக்க வச்சேன்.

போன தடவ ஒண்ணு நடந்து போச்சு. ரத்தம் எடுத்துட்டு வெளிய வந்தவ படிக்கட்டுல அப்படியே சரிஞ்சிட்டா. தண்ணி தெளிச்சேன், மடியில போட்டுக்கிட்டேன், தமயந்தி, தமயந்தின்னு கத்துறேன். கண்ணத் தொறந்து, "கத்தாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க"ங்குறா. கல்யாண மண்டபத்துல கத்துனவ எனக்குச் சொல்றா.

அவளப் படுக்க வச்சு ஜூஸ் குடுத்தாங்க. அந்நேரம் டாக்டரம்மா, சின்ன வயசுப் பொண்ணு, என்னையத் தனியாக் கூப்பிட்டுச்சு. "அம்மா, கர்ப்பப்பை ஆபரேசனுக்கப்புறம் ஒங்க ரத்தம் நல்லா ஏறிருச்சு. இனிமே ஒங்ககிட்டயே எடுத்துக்கலாம். அவங்கள அலைய வைக்க வேண்டாம். அவங்களுக்கும் வயசாகுதுல்ல"ன்னுச்சு. நான், "எப்ப இருந்து நல்லாருக்கு?"ன்னேன். "இப்ப எடுத்த டெஸ்ட்டுலதாம்மா. சந்தோசமான விசயந்தான?"ன்னுச்சு. ஆமாம்மா, சந்தோசந்தான்னேன்.

தமயந்திகிட்ட நான் அதச் சொல்லல. எங்க வீட்டுக்காரருகிட்டயும் சொல்லல. சொல்லிட்டா? அவ ரத்தம் வேண்டாம்னு தெரிஞ்சா அண்ணனும் விட மாட்டாரு, தம்பியும் விட மாட்டாரு. இந்த பஸ்சும் கெடையாது, ஆரப்பாளையமும் கெடையாது. எனக்கு அவளப் பாக்கணும்னு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. ஆனா கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிக்கல பாரு. இன்னும் பாதிச் சண்ட பாக்கி இருக்கு.

அதுக்காக அவகிட்ட ரத்தம் எடுக்க விடுவேன்னு நெனச்சுறாத. நான் என்ன பேயா? நேத்தே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, என் ரத்தத்தையே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு அங்க போனதும் நான் கைய நீட்டிருவேன். அவ குதிப்பா. "இதுக்கா என்னைய ஒட்டன்சத்திரத்துல இருந்து வரச் சொன்ன?"ன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பா. குதிக்கட்டும். வந்தது வந்துட்டா, ஈரலத் தின்னுட்டுத்தான போகணும். அடுத்த தடவ என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னுதான் ஒண்ணும் தோணல. சின்னமனூருல இருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

நேத்து சாயந்தரம் அவளுக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு பயம். எப்பவும் மொத நாளு ஆஸ்பத்திரியில இருந்து ரத்தம் குடுக்குறவங்களக் கூப்பிட்டு வெவரம் சொல்லுவாங்க. இந்தத் தடவ அவளக் கூப்பிட்டு, நீங்க வர வேண்டாம்னு ஒளறி வச்சிட்டா? அதனால மெதுவா, "ஏன்டி, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"வந்துச்சு வந்துச்சு"ன்னா.

"என்ன சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றதுதான்"னா.

அப்பாடான்னு இருந்துச்சு. "அப்ப வர்றல்ல?"ன்னேன்.

"வராம? விடிய மொத பஸ்சுல ஏறிருவேன். வீட்டுலயும் ரத்தம் குடுக்கன்னு சொல்லிட்டேன்"னா.

போன வைக்கப் போனவ, இரு அக்கா, இரு அக்கான்னு நிறுத்தி, "காலையில நல்லாச் சாப்பிட்டுட்டுக் கெளம்பு. தண்ணி நெறையக் குடி. வெறும் வயித்தோட ஊசிக்குக் கைய நீட்டுனா மயக்கம் வரும். கை இறுக்கமா இருக்கற ரவிக்கையப் போட்டுட்டு வந்துறாத"ங்குறா.

இவளப் பாரேன்! ரத்தம் குடுக்கப் போறது அவதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, சாப்பிட்டு வரச் சொல்றது என்னைய. கிறுக்கி. வயசாயிருச்சுல்ல, யாருக்கு எதச் சொல்றோம்னு தெரியல. சரி, சொல்லிட்டாளேன்னு நாலு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன்.

என்ன தாயி? ஏன் சிரிக்கிற? நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படிச் சிரிக்கிற?